வீதியில் கேட்ட தோடி: வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்களிடம், தங்களால் மறக்க முடியாத கச்சேரி எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சபா மேடையைவிடக் கோயில் வீதியே அதிகம் இடம்பெற்றிருக்கிறது. நினைவுகளோடு கேள்விகளும் சேர்ந்து வந்திருப்பதால், அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பாடலீசுவரர் கோயில் வைகாசிப் பெருவிழாவில், சுவாமி புறப்பாட்டின்போது நள்ளிரவு கடந்தும் ஒரே தோடியை வாசித்துக்கொண்டு வருவார்கள். தெருவே திண்ணையில் உட்கார்ந்து கேட்கும். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஒரு ராகத்தை அவ்வளவு நேரம் வாசிக்க முடியுமா, அல்லது என் நினைவுதான் கூட்டிச் சொல்கிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் நினைவில் மிகையில்லை அம்மா. நாகசுர மரபு தெரிந்தவர்கள் எவரும் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்.

மேடைக் கச்சேரிக்கு முடியும் நேரம் உண்டு. இரண்டரை மணி நேரத்துக்குள் வர்ணம், கீர்த்தனைகள், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியக்காரர் தனித்து வாசிப்பது), துக்கடா (கடைசியில் வரும் சிறு உருப்படிகள்) என எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். வீதிப் புறப்பாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சுவாமி வீட்டுக்கு வீடு தீபாராதனைக்கு நிற்பார். மண்டகப்படிகளில் இன்னும் அதிக நேரம் நிற்பார். முச்சந்தியில் கூட்டம் கூடிவிட்டால் வாசிப்பவரை விடவே மாட்டார்கள். அப்படி நின்று நின்று போகும் ஊர்வலத்தில் ஆலாபனை, அதாவது பாட்டு வரியின்றி ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது, அவசரமின்றி விரிந்தது. கீழ் ஸ்தாயியில் தொடங்கி ஒவ்வொரு சுரமாக நின்று மேலேறுவதற்கே ஒரு வீதி போதாது. தோடியைப் போன்ற பெரிய ராகம் கிடைத்துவிட்டால், நான்கு வீதிகளும் அதிலேயே முடிந்துபோவது இயல்புதான்.

புறப்பாட்டு வாசிப்புக்கென்று ஒரு முறையும் இருந்தது. முதலில் தவிலில் அலாரிப்பு, அடுத்துக் கம்பீர நாட்டையில் மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது. அது தாளக்கட்டிலேயே நிற்கும் உருப்படி. அதையே காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி என்று தனித்தனியே இருந்ததால், வீட்டுக்குள் இருந்தவர்கள்கூடக் காதில் விழுந்ததை வைத்தே கோயிலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மல்லாரி முடிந்து வீதிக்கு வந்த பிறகுதான் நீங்கள் சொல்லும் ராக ஆலாபனை தொடங்கும்.

தோடி என்றதும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் தானாக வந்து நிற்கும். உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனம் (நாகசுரம்) இருந்த இடத்தில், நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர் அவர். 1956இல் அவர் மறைந்த பிறகும், அந்தத் தோடியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் ஊர் ஊராக அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் இளமையில் நீங்கள் கேட்டது அவர்களுடைய வாசிப்பாகத்தான் இருக்கும்.

பேரப்பிள்ளைகள் நம்ப மறுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஒலிக்கும். ஆகவே மேதைகளின் தோடியும் நமக்கு நிமிடக் கணக்கில்தான் கிடைத்திருக்கிறது. வீதியில் மணிக்கணக்கில் வாசித்ததைப் பெரும்பாலும் யாரும் பதிவு செய்யவில்லை. அந்த வாசிப்புக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று, திண்ணையில் உட்கார்ந்து கேட்ட உங்களைப் போன்றவர்களின் நினைவு மட்டுமே. எனவே எந்த வீதி, ஒரு நாயனமா இரட்டை நாயனமா, ஒத்து (சுருதிக்கென ஊதும் குழல்) ஊதினார்களா சுருதிப்பெட்டி வைத்திருந்தார்களா, தவில்காரர் எந்த இடத்தில் வாசிக்காமல் நின்று ஆலாபனைக்கு வழிவிட்டார் என்பனவற்றையெல்லாம் நினைவு வரும் வரையில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. நாகசுரத்துக்கு வரலாறு எழுத வருபவருக்கு வேறு ஆதாரம் கிடைக்காது.

இப்போது பல ஊர்களில் புறப்பாட்டுக்குச் செண்டை மேளத்தையும் அழைக்கிறார்கள். செண்டையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதுவும் பெரிய கலை. ஆனால் இரண்டையும் ஒரே வீதியில், ஒரே நேரத்தில் முழங்க விட்டால் ஆலாபனைக்கு இடமே இருக்காது. விழாக் குழுவினர் ஒரு வீதியையாவது நாகசுரத்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் ஓதுவார் ஒருவர், பக்கவாத்தியமும் ஒலிபெருக்கியும் இல்லாமல், “கூற்றாயினவாறு” பாடியதைக் கேட்டேன். எத்தனையோ பெரிய வித்வான்களைக் கேட்டிருக்கிறேன். அன்று போலக் கண் கலங்கியதில்லை. இதைக் கச்சேரி என்று சொல்லலாமா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: கச்சேரி என்று சொல்ல வேண்டாம். அது வழிபாடு, ஓதுவார் பாடியது சபையோருக்காக அல்ல. ஆனால் மறக்க முடியாத இசை அனுபவங்களின் வரிசையில் அதற்கு முதலிடம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நீங்கள் அதைக் கேட்ட இடம்தான் அந்தப் பதிகம் பிறந்த இடம். சூலை நோயால் துடித்த மருள்நீக்கியார் (பின்னாளில் திருநாவுக்கரசர்), தமக்கை திலகவதியாரைத் தேடி இரவோடு இரவாகத் திருவதிகை வந்து, அவர் கையால் திருநீறு பெற்று, சந்நிதியில் நின்று பாடியது அது. நான்காம் திருமுறை அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், கொல்லி. இன்று அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பகுக்கும் மரபில் கொல்லி இராப்பண். வலி தாங்காமல் இரவில் நடந்து வந்தவரின் முதல் பாட்டு இராப்பண்ணில் அமைந்திருப்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

நவரோசு மத்திம ஸ்தாயியிலும் அதற்குச் சற்றுக் கீழும் உலவும் ராகம். மேல் ஸ்தாயிக்கு ஏறிக் கைதட்டல் வாங்க அதில் இடமில்லை. நோயுற்றவர் ஒருவர் முறையிடும்போது குரல் எந்த அளவுக்கு எழுமோ அந்த அளவிலேயே ராகமும் நின்றுவிடுகிறது. ஓதுவார் குரலைத் தவிர வேறு ஒலி இல்லாத கருங்கல் மண்டபத்தில், ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்குள் கல்லே அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லும். உங்கள் கண் கலங்கியதற்குப் பாட்டும் பண்ணும் இடமும் ஒன்றுகூடியதே காரணம் என்பேன்.

இந்த மாவட்டத்துக்கும் பண்ணுக்கும் உள்ள உறவு திருவதிகையோடு முடியவில்லை. தேவார ஏடுகள் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் தில்லை எனும் சிதம்பரம். ஏடு கிடைத்த பின் பண் தெரியாமல் தவித்தபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரே பண்களை வகுத்துத் தந்தார் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அந்த யாழ்ப்பாணரின் ஊரான எருக்கத்தம்புலியூர், விருத்தாசலத்தை அடுத்த இராசேந்திரப்பட்டினம்தான். பண்ருட்டியிலிருந்து ஒருநாள் போய் வாருங்கள்.

கேள்வி: என் தாத்தா கச்சேரி என்றாலே நாடகக் கொட்டகையைத்தான் சொல்வார். நாடகத்தில் பாடியதை இசை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கருவடிக்குப்பம், புதுச்சேரி

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நாடகத் தமிழுக்குத் தலைமையாசிரியராக விளங்கிய சங்கரதாசு சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவர் அடங்கிய இடம் கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. அந்த மேடையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் (முதன்மை ஆண், பெண் வேடக்காரர்கள்) விடிய விடியப் பாட்டிலேயே தர்க்கம் செய்வார்கள். ஆர்மோனியக்காரர் எடுத்துக் கொடுத்த சுருதியில், எதிராளி பாடிய ராகத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். அதற்குச் சாரீர வளம் மட்டும் போதாது, ராக ஞானமும் வேண்டும். வள்ளி திருமணத் தர்க்கத்தை நல்ல நடிகர்கள் பாடக் கேட்டவருக்கு, உங்கள் தாத்தா சொன்னதில் சந்தேகம் வராது.

கேள்வி: பாரதியார் பத்தாண்டுகள் வாழ்ந்த ஊர் எங்கள் ஊர். ஆனால் இங்கு நடக்கும் கச்சேரிகளில்கூட அவருடைய பாட்டு கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வருகிறது. இது சரியா?
— வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: சரியில்லை. இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் இங்கே எழுந்தவை. அவர் பாட்டை எழுதிவிட்டு மெட்டைப் பிறர் பொறுப்பில் விட்டவர் அல்லர். கண்ணன் பாட்டில் “தீராத விளையாட்டுப் பிள்ளை”க்குக் கேதாரம், கண்டஜாதி ஏகதாளம் என்றும், “சின்னஞ்சிறு கிளியே”க்குப் பைரவி, ரூபகம் என்றும் அவரே குறித்திருக்கிறார். இன்று “சின்னஞ்சிறு கிளியே”யை ராகமாலிகையாக, பல ராகங்களில் கோத்துக் கேட்டே நமக்குப் பழகிவிட்டது. அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கவிஞர் சொன்ன பைரவியில், ரூபகத்தில், ஒரு சிறிய ஆலாபனையோடு கச்சேரியின் நடுவில் அதைப் பாடினால் எப்படி இருக்கும் என்று பாடகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பைரவி சாதாரண ராகமா? கச்சேரியின் முக்கிய உருப்படியையே தாங்கும் ராகம் அது.

வித்வான்கள் எங்கே போனாலும் அதே சில கீர்த்தனைகளைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், கேட்பவர்களுக்குப் பொருள் விளங்குவதில்லை என்று பாரதியாரே சங்கீத விஷயம் பற்றிய தம் கட்டுரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் ஒதுக்கச் சொன்னது தியாகராஜரையோ தீட்சிதரையோ அல்ல. பாடுகிறவருக்குப் பொருளும் பாவமும் தெரிந்திருக்க வேண்டும், தமிழிலும் புதிய கீர்த்தனைகள் வர வேண்டும் என்பதே அவர் கேட்டது. இதே மண்ணில் 1891இல் பிறந்த பாரதிதாசனின் “துன்பம் நேர்கையில்” தேஷ் ராகத்தில் ஒலிக்கும்போது சபை எப்படி அடங்குகிறது என்று நீங்களே கவனித்திருப்பீர்கள். அதுவும் மங்களத்துக்கு முன்னால்தான் வருகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேடைக்குத் துண்டுச்சீட்டு அனுப்புவதற்குப் பதிலாக, கச்சேரிக்குச் சில வாரங்கள் முன்பே அமைப்பாளர் மூலம் பாடகருக்குத் தெரிவியுங்கள். நல்ல பாடகர்கள் சாதகம் செய்யாத உருப்படியை மேடையில் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது.

கேள்வி: சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் “வருகலாமோ” பாட்டுக்கு அபிநயம் பார்த்தேன். ஆடியவரைவிடப் பாடியவர்தான் மனத்தில் நிற்கிறார். அது ஏன்?
— கல்லூரி மாணவி, அண்ணாமலைநகர்

பதில்: அந்தப் பாட்டின் இயல்பு அப்படி. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபத்துக்காக இயற்றினார். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதில் ஈடுபட்டு, அது அச்சேற உதவினார் என்பது நம் பகுதிக்குப் பெருமை. “வருகலாமோ” மாஞ்சி ராகத்தில் வழங்குகிறது. பைரவிக்கு மிக நெருங்கிய ராகம் மாஞ்சி. பாடுகிறவர் சற்றுக் கவனம் தவறினாலும் பைரவிக்குள் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு பிடியையும் அடக்கத்தோடு, இழுத்து நிறுத்திப் பாட வேண்டியிருக்கிறது. உள்ளே வர அனுமதி கேட்டு வெளியே நிற்பவரின் தயக்கத்துக்கு அந்த நடையைவிடப் பொருத்தமானது கிடைக்காது. 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலியில், நந்தனார் எந்தத் தில்லையை எண்ணி ஏங்கினாரோ அதே தில்லையில் அதைக் கேட்டிருக்கிறீர்கள். பாடியவர் உங்கள் மனத்தில் நிற்பதில் வியப்பில்லை.

கேள்வி: எனக்கு ராகம் தாளம் தெரியாது. நான் மறக்காதது கோயில் திருவிழாவில் கேட்ட மெல்லிசைக் கச்சேரிதான். அதைப் பற்றி எழுதினால் ஏற்பீர்களா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கட்டாயம் எழுதுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏராளமான வாத்தியங்களோடு பதிவான பாட்டை, பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மூங்கில் பந்தலில் உட்கார்ந்து அப்படியே கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. வயலின் வரிசை வாசித்ததை ஒரே கீபோர்டுக்காரர் இரண்டு கையால் வாசிப்பார். தபலாக்காரரே பாங்கோஸுக்கும் மாறுவார். பெரும்பாலோர் எழுதிய குறிப்பு எதுவும் இல்லாமல், கேட்ட காதை நம்பியே வாசித்தார்கள். இடையிசையில் வரும் புல்லாங்குழல் துணுக்குக்கு அதை வாசிப்பவர் எழுந்து நிற்பதும், கூட்டம் பாட்டு தொடங்குமுன்பே முதல் இசையைக் கேட்டு ஆரவாரம் செய்வதும் நீங்கள் பார்த்ததுதானே? அந்தக் கலைஞர்களைப் பற்றியும் எழுத்தில் அதிகம் இல்லை.

கேள்வி: கச்சேரியைக் கைப்பேசியில் பதிவு செய்வது தவறா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பாடுகிறவரின் அனுமதி இல்லாமல் பதிவு செய்வது தவறு. அனுமதி இருந்தாலும், கையைத் தூக்கிப் பிடித்துப் பின்வரிசையை மறைக்காதீர்கள். முதல் வரிசையில் இடம் கிடைத்தால், நாகசுரக்காரர் சீவாளியை (ஊதும் நாணல் துண்டை) வாயில் வைத்து ஈரமாக்கிப் பதம் பார்ப்பதையும், நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதையும், தவில்காரர் விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டி முடித்து ஒருமுறை தட்டிப் பார்ப்பதையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

கேள்வி: என் தந்தையார் சங்கீத ரசிகர். அவர் கோயில் கச்சேரிகளில் பதிவு செய்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா? எப்படிப் பாதுகாப்பது?
— வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: பூஞ்சை படிந்ததை இப்போது போட்டுவிடாதீர்கள் ஐயா. கருவியின் தலைப்பகுதியில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும்; நாடாவும் அறுந்துபோகலாம். அவற்றைத் தனியே பிரித்து, பழைய நாடாக்களைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். கடற்கரையிலேயே இருப்பதால் உப்புக் காற்றும் ஈரமும் உங்கள் வீட்டில் அதிகம். மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு, நாடாக்களைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, ஸ்பீக்கர், மோட்டார் போன்ற காந்தம் உள்ள பொருள்களின் அருகில் இல்லாமல் வையுங்கள்.

நல்ல நிலையில் இருப்பவற்றை முதலில் ஒருமுறை முழுவதும் முன்னோக்கி ஓட்டி, பின்னோக்கிச் சுற்றிவிடுங்கள். பல ஆண்டுகளாக ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளரும். 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது என்பதால் அதைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். கருவியின் தலைப்பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, தேய்மானம் இல்லாத நல்ல கருவியில் ஓட்டி, கணினியில் வேவ் வடிவத்தில் பதிவு செய்யுங்கள். எம்பி3 வடிவம் பிறருக்கு அனுப்புவதற்குப் போதும். பாதுகாப்புப் பிரதிக்கு ஆகாது. இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இரைச்சல் நீக்காத பிரதியையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இரைச்சலோடு சுருதியின் கார்வையும் (நீண்டு நிற்கும் ஒலியும்) போய்விடுவதுண்டு. இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். மூல நாடாவைத் தூக்கி எறிய வேண்டாம்.

நாடாவின் அட்டையில் உங்கள் தந்தையார் எழுதியிருப்பதை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோயில், எந்த விழா, யார் வாசித்தது, தவில் யார் என்று அவர் எழுதாமல் விட்டிருந்தால், அந்தக் கச்சேரியை அவரோடு கேட்ட நண்பர்கள் ஊரில் இருக்கும்போதே நாடாவைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். சொன்னவர் யார் என்பதோடு அதைக் கோப்பின் பெயரிலும் ஒரு நோட்டிலும் எழுதிவிடுங்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் புறப்பாட்டு வாசிப்பு ஏதேனும் அந்தப் பெட்டியில் இருந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்; முதல் கேள்வியைக் கேட்ட ஆசிரியைக்குத் தெரிவிக்கிறோம்.